இரக்கத்தை விலக்கிய ஆசிரியை

உடற்குறையை வென்றவர்களைப் பற்றிய திரைப்படங்கள் பல தேசங்களில், பல மொழிகளில் எடுக்கப்பட்டிருக்கின்றன. குறையுற்ற ஒருவரை நம் கண்முன் நிறுத்தி, அவர்பால் நமக்கு அனுதாபம் சுரக்கும்படி செய்து, இடையிடையே சில இன்னல்களைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்து, முடிவில் கரகோஷம் நிறைந்த ஓர் அரங்கில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, நெஞ்சம் நெகிழ்ந்த திருப்தியுடன் நம்மை வீட்டுக்கு அனுப்பிவைப்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் போக்கு. 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இந்தப் போக்கிற்கு முற்றிலும் மாறானது. கண்ணும் காதும் ஒருங்கே இழந்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் காட்டிய இரக்கமே அதன் வாழ்வுக்குப் பெருந்தடையாக நின்றது என்பதையும், அந்த இரக்கத்தைத் தர மறுத்த ஓர் இளம் ஆசிரியையே அக்குழந்தைக்கு மொழியைத் தந்தார் என்பதையும், சற்றும் சர்க்கரை தடவாமல் சொல்கிற படம் அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மறுபடி மறுபடி பார்க்கத் தோன்றுவதற்கு அந்த நேர்மையே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குழந்தை ஹெலன் கெல்லர். அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1880 ஜூன் 27 அன்று, எந்தக் குறையுமின்றிப் பிறந்தவள். பத்தொன்பதாவது மாதத்தில் கண்ட கடுங்காய்ச்சல், உயிரை விட்டுவைத்துப் பார்வையையும் செவியையும் கொண்டுபோயிற்று. அது இன்ன நோய் என்று அன்றைய வைத்தியர்களால் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. மூளையுறை அழற்சியாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்து மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். தந்தை ஆர்தர் கெல்லர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் படையில் காப்டனாக இருந்தவர், பத்திரிகை ஆசிரியர், தம் சொல்லுக்கு வீட்டில் மறுசொல் இருப்பதை விரும்பாதவர். தாய் கேட், மகளுக்காக எந்த வாசலிலும் போய் நிற்கச் சித்தமாயிருந்தவள். இருவருமே குழந்தையின் மீது உயிரை வைத்திருந்தார்கள். அடித்தாலும், கடித்தாலும், பாத்திரங்களை உடைத்தாலும், பிறருடைய தட்டிலிருந்து கையால் அள்ளித் தின்றாலும், “பாவம், அதற்கு என்ன தெரியும்” என்று விட்டுவிட்டார்கள். விட்டதன் பயனாக, ஆறரை வயதில் அந்த வீட்டையே ஆட்டிவைக்கும் ஒரு சிறு சர்வாதிகாரியாக ஹெலன் வளர்ந்திருந்தாள்.

அவளுக்கு ஆசிரியையாக 1887 மார்ச் 3 அன்று அந்த ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய ஆனி ஸல்லிவனுக்கு அப்போது வயது இருபது. இவருடைய பூர்வ கதையை அறிந்துகொண்டால்தான் படத்தின் ஜீவன் எங்கிருக்கிறது என்பது புலப்படும். அயர்லாந்தில் பஞ்சத்துக்கு அஞ்சிக் குடிபெயர்ந்து வந்த ஏழைகளின் வம்சத்தில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 1866-இல் பிறந்த ஆனி, ஐந்தாம் வயதில் டிரகோமா என்னும் கண்ணோய்க்கு ஆளாகிப் பார்வையின் பெரும்பகுதியை இழந்தார். தாய் இறந்தாள், குடிகாரத் தகப்பன் கைவிட்டான், பத்து வயதுகூட நிரம்பாத நிலையில், இடுப்பு மூட்டில் நோய்கொண்டு ஊன்றுகோலுடன் நடந்த ஜிம்மி என்ற தம்பியுடன், டியூக்ஸ்பரி என்னும் ஊரிலிருந்த அரசாங்க அனாதை விடுதியில், பைத்தியம் பிடித்தவர்களுக்கும் சாகக்கிடந்த முதியவர்களுக்கும் நடுவில் அவர் கொண்டுபோய் விடப்பட்டார். சில மாதங்களுக்குள் ஜிம்மி அங்கேயே மாண்டான். 1880-இல் அந்த விடுதியைப் பார்வையிட வந்த அதிகாரிகளின் பின்னால் தட்டுத்தடுமாறி ஓடி, தாம் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று அவர் கூவிய கூச்சலே அவரைப் பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் கொண்டு சேர்த்தது. தம் பெயரை எழுதவும் அறியாமல் பதினான்காம் வயதில் அங்கே நுழைந்த அந்தப் பெண், ஆறு ஆண்டுகளில் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறினார். இடையில் நடந்த ரண சிகிச்சைகளால் ஓரளவு கண் தெரிந்தது. தம் உரிமையைக் கூச்சலிட்டே பெற்ற ஒருவருக்கு, இன்னொரு குழந்தையைப் பரிதாபத்தின் மடியில் கிடத்திவைக்க எப்படி மனம் ஒப்பும்?

ஆனி டஸ்கம்பியாவுக்கு வெறுங்கையுடன் போகவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணும் காதும் இல்லாதவர்க்கு மொழி கற்பிக்க முடியும் என்பது அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே பெர்க்கின்ஸ் பள்ளியில், டாக்டர் ஸாமுவேல் கிரிட்லி ஹோ என்பவரால் நிரூபிக்கப்பட்டிருந்தது. 1837-இல் அங்கே வந்த லாரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு, சாவி, ஸ்பூன் போன்ற பொருள்களின் மீது மேடெழுத்துகளில் பெயர்ச் சீட்டுகளை ஒட்டி, அவற்றைத் தடவச் செய்து அவர் பாடம் தொடங்கினார். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் லாராவை நேரில் கண்டு, தம் அமெரிக்கப் பிரயாண நூலில் எழுதினார். பல ஆண்டுகள் கழித்து அந்த நூலைப் படித்த கேட் கெல்லருக்கு முதன்முதலாக நம்பிக்கை பிறந்தது. கெல்லர் தம்பதியரின் தேடல், தொலைபேசியைக் கண்டுபிடித்தவரும் செவிடர் கல்வியில் ஈடுபாடு உள்ளவருமான அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லிடம் சென்று, அவர் வழியாகப் பெர்க்கின்ஸ் பள்ளியை எட்டியது. முதுமை எய்திய லாரா அப்பள்ளியிலேயே வாழ்ந்துவந்தார். மாணவியாயிருந்த ஆனி அவருடன் பேசுவதற்காகவே விரல் எழுத்துகளைக் கற்றிருந்தார். ஒற்றைக் கையின் விரல்களை வெவ்வேறு விதமாக மடக்கியும் நீட்டியும் ஒவ்வோர் எழுத்தையும் குறிக்கும் அந்த முறை ஸ்பெயினில் உருவானது. 1620-இல் ஹுவான் பாப்லோ பொனெட் என்பவர் அதைப் படங்களுடன் அச்சிட்டார். கண்ணுள்ளவர் அதைப் பார்த்துப் படிப்பார். கண்ணில்லாதவரின் உள்ளங்கையில் விரல்களை வைத்து எழுதினால் ஸ்பரிசத்தால் படிப்பார். ஆனி கொண்டுபோன ஆயுதம் இந்த விரல் எழுத்தும், பெர்க்கின்ஸ் சிறுமிகள் வாங்கித் தந்து, லாரா தம் கையால் உடை தைத்துப் போட்ட ஒரு பொம்மையுமே.

அந்த முதல் சில மாதங்களில் நடந்தவற்றை ஆனி தம் பழைய பள்ளியின் விடுதித் தலைவிக்குக் கடிதங்களாக எழுதினார். ஹெலனின் சுயசரிதை 1903-இல் நூலாக வந்தபோது அக்கடிதங்களும் அதனுடன் சேர்க்கப்பட்டன. அவற்றைப் படித்து மனம் பறிகொடுத்த வில்லியம் கிப்ஸன் என்ற நாடகாசிரியர், முதலில் 1957-இல் தொலைக்காட்சி நாடகமாகவும், பின்பு 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை நாடகமாகவும், இறுதியில் திரைக்கதையாகவும் அந்தச் சரித்திரத்தை எழுதினார். மூன்றையும் இயக்கியவர் ஆர்தர் பென். மேடையில் எழுநூறு தடவைக்கு மேல் நடந்த நாடகம் அது. படமாக்கும்போது, எலிசபெத் டெய்லரைப் போன்ற பெரிய நட்சத்திரத்தை ஆனியாக நடிக்க வைத்தால் தாராளமாகப் பணம் தருவதாக விநியோக நிறுவனம் ஆசை காட்டியது. பென் அதற்கு இசையாமல், மேடையில் நடித்த ஆன் பான்க்ராஃப்டையும் பேட்டி டியூக் என்ற சிறுமியையுமே வைத்துக்கொண்டு, சிறு தொகையில் படத்தை முடித்தார். அந்த உறுதிக்குத் திரையுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

படம் தொட்டிலருகில் தொடங்குகிறது. ஆபத்து நீங்கிற்று என்று சொல்லி வைத்தியர் விடைபெற, குழந்தையின் முகத்தருகே குனிந்து விளையாட்டுக் காட்டுகிற தாய், அதன் கண்கள் அசையாததைக் கண்டு, கை தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பின் அலறுகிறாள். விளக்கை ஏந்தி ஓடிவரும் தந்தை அதைத் தொட்டிலின்மேல் பிடிக்கிறார். குழந்தையின் இமைகள் சிமிட்டுவதில்லை. இதற்குமேல் அந்த விபத்தைப் பற்றிப் படம் ஒரு வார்த்தையும் வீணாக்குவதில்லை.

ஆசிரியை வந்த முதல் நாளிலேயே யுத்தம் மூண்டுவிடுகிறது. பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்த ஹெலனின் கையில், அதன் பெயரை விரலால் எழுதுகிறார் ஆனி. கைவிளையாட்டு என்று எண்ணிச் சிறுமியும் அப்படியே செய்துகாட்டுகிறாள். ஆனி பொம்மையைத் தராமல் பிடித்து வைத்துக்கொண்டவுடன், ஹெலன் ஆத்திரம் கொண்டு அதனாலேயே ஆசிரியையின் முகத்தில் ஓங்கி அடித்து, அவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை ஒளித்துவிடுகிறாள். காப்டன் ஏணி வைத்து ஏறி, வடக்கிலிருந்து வந்த அந்தப் பெண்ணைத் தோளில் போட்டு இறக்க வேண்டியதாகிறது. ஆனால் ஆனிக்கு அதில் அவமானமே தோன்றுவதில்லை. பூட்டவும், ஒளிக்கவும், ஏமாற்றவும் தெரிந்த குழந்தைக்குப் புத்தி பூரணமாக இருக்கிறது என்ற மகிழ்ச்சியே முகத்தில் தெரிகிறது.

உணவறைக் காட்சிக்கு வருகிறேன். படத்தின் சிகரம் இதுவே என்று கருதுகிறேன்; பின்னால் வரும், தண்ணீரின் பெயரை ஹெலன் அறிந்துகொள்ளும் பம்படிக் காட்சியைக் கொண்டாடுகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். காலை ஆகாரத்துக்குக் குடும்பம் கூடியிருக்கிறது. ஹெலன் வழக்கம்போல் மேஜையைச் சுற்றிவந்து ஒவ்வொருவர் தட்டிலும் கைவிட்டு அள்ளுகிறாள். எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே தட்டைச் சற்று நகர்த்திக் கொடுக்கிறார்கள். ஆனியின் தட்டருகே வந்தபோது அந்தக் கை தடுக்கப்படுகிறது. காப்டன் கோபிக்கிறார், தாய் கெஞ்சுகிறாள். குழந்தையிடம் கொஞ்சம் பரிவு காட்டக் கூடாதா என்று கேட்கிறார்கள். ஆனி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிடுகிறார். பிறகு ஏறத்தாழ ஒன்பது நிமிஷங்கள், பேச்சென்பது அநேகமாக இல்லாமல், ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் போராடுகிறார்கள். நாற்காலிகள் சரிகின்றன, ஸ்பூன்கள் பறக்கின்றன, வாயில் ஊட்டிய உணவு முகத்தில் துப்பப்படுகிறது, துப்பியவளின் முகத்தில் தண்ணீர் வீசப்படுகிறது, ஓடியவள் பிடித்திழுக்கப்பட்டு, மறுபடி மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறாள். காமிரா அவர்களுடன் தரையில் புரண்டு எழுகிறது. பார்ப்பவருக்கு முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு பதைப்பு, பிறகு இருவர் மீதும் ஒரு மரியாதை; ஏனெனில், அந்தச் சிறுமியைத் தமக்குச் சமமான ஓர் எதிரியாக மதித்து அவளுடன் முழுப் பலத்தோடு மல்லுக்கு நின்ற முதல் மனிதப் பிறவி ஆனியே என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே காத்திருந்த தாயிடம், தலை கலைந்து உடை நனைந்து வந்த ஆசிரியை, அறை பாழாகிவிட்டது, ஆனால் ஹெலன் தன் தட்டிலிருந்து ஸ்பூனால் சாப்பிட்டாள், கை துடைக்கும் துணியையும் மடித்து வைத்தாள் என்று தெரிவிக்கிறார். மகள் துணியை மடித்தாள் என்ற அந்தச் சிறு செய்தியைத் தாய் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்க்கும்போது, இங்கா ஸ்வென்ஸன் என்ற நடிகையின் முகத்தில் ஐந்து ஆண்டுகளின் ஏக்கம் முழுவதும் வந்து நிற்கிறது.

ஹெலனுக்குப் பெரிய குறை குருடுமன்று, செவிடுமன்று, அன்பும் இரக்கமும் என்ற பெயரில் நீங்கள் அவளுக்குச் செய்கிற கெடுதலே என்று ஆனி பெற்றோரின் முகத்துக்கு நேரே சொல்லும் இடம் இதன் தொடர்ச்சி. ஒரு வளர்ப்பு நாய்க்குட்டிக்குக்கூட இதைவிட அதிகமாகப் பழக்கம் சொல்லிக்கொடுப்போமே என்ற அவருடைய கோபத்தின் பின்னால் டியூக்ஸ்பரி விடுதி இருக்கிறது. அந்தப் பழைய நினைவுகள், தம்பி ஜிம்மியின் குரலோடு, மங்கிய புகைப்படலம் போன்ற உருவங்களாகத் திரையில் அவ்வப்போது படர்ந்து மறைகின்றன. பரிதாபத்துக்குரியவர்களை ஓரிடத்தில் அடைத்துவைத்து உலகம் எப்படி மறந்துபோகும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். அதனால்தான், தோட்டத்து விடுதியில் ஹெலனைத் தம்மிடம் தனியாக ஒப்படைக்கும்படி கேட்டு வாங்குகிறார். உணவுக்கும், உடைக்கும், ஒரு முத்தத்துக்கும் குழந்தை தம்மையே நாட வேண்டும் என்ற அந்த நிபந்தனை கடுமையானது. படம் அதன் கடுமையை மறைப்பதில்லை. மறைக்காமலிருப்பதே அதன் யோக்கியதை.

இரண்டு வாரங்களில் ஹெலன் அடங்குகிறாள். ஒழுங்காக உண்கிறாள், உடுத்துகிறாள், மணி கோக்கிறாள். காப்டன் மனநிறைவு கொள்கிறார்; சுத்தமாக, சாந்தமாக இருக்கும் குழந்தையே அவர் விரும்பியது. ஆனால் ஆனி திருப்தியடைவதில்லை. கீழ்ப்படிதல் ஒன்றையே கற்றுக்கொடுத்துவிட்டு நிறுத்தினால் அது மற்றொரு குருட்டுத்தனம் என்பது அவர் கருத்து. சிறுமியின் விரல்கள் பல சொற்களை எழுதுகின்றன. ஆனால் கிளிப்பிள்ளை சொன்னதைச் சொல்வதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. இந்த விரலசைவு அந்தப் பொருளின் பெயர், உலகில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு ஒரு பெயர் உண்டு, அப்பெயரைச் சொன்னால் பொருள் எதிரில் இல்லாதபோதும் மனத்தில் வந்து நிற்கும் என்ற ஞானம் அவளுக்கு உதிக்கவில்லை. நாம் மழலைப் பருவத்தில் எந்த நாளில் அதைக் கடந்தோம் என்பது நம்மில் ஒருவருக்கும் நினைவிராது. அந்த வாசலைக் கடக்கும் கணத்தை, கண்டோர் எழுதிவைத்த சாட்சியத்துடன் மனித குலத்துக்குக் காட்டியவள் என்பதே ஹெலனின் பாலப் பருவத்துக்கு உள்ள தனி விசேஷம்.

அந்தக் கணம் 1887 ஏப்ரல் 5 அன்று வந்தது. படத்தில், வீட்டுக்குத் திரும்பிய முதல் விருந்திலேயே ஹெலன் பழைய ஆட்டத்தைத் தொடங்கி, கூஜாத் தண்ணீரை ஆசிரியையின் மீது கொட்ட, தடுத்த காப்டனை மகன் ஜேம்ஸ் எதிர்த்து நிற்க, காலியான கூஜாவை நிரப்புவதற்கு அவளை முற்றத்து அடிபம்புக்கு இழுத்துப் போகிறார் ஆனி. ஒரு கையில் நீர் பாய, மறு கையில் நீரின் பெயர் எழுதப்படுகிறது. சிறுமியின் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. நோய்க்கு முன் மழலையாகக் கற்றிருந்த ஒரு சொல்லின் சிதைந்த ஒலி தொண்டையிலிருந்து புறப்படுகிறது. பிறகு தரை, பம்பு, படி, மணி என்று ஓடி ஓடித் தொட்டுப் பெயர் கேட்கிறாள். தாயையும் தந்தையையும் தொட்டுக் கேட்கிறாள். இறுதியில் ஆசிரியையைத் தொட்டுக் கேட்கிறாள். தாயின் உடுப்பிலிருந்து சாவிகளை எடுத்து, முதல் நாளில் யாரை அறையில் பூட்டினாளோ அவர் கையிலேயே கொடுக்கிறாள்.

நடந்த சரித்திரத்தில் விருந்துமில்லை, சண்டையுமில்லை. குவளைக்கும் அதிலுள்ள தண்ணீருக்கும் வேற்றுமை விளங்காமல் ஹெலன் குழம்பியதால், உலாவப் போன இடத்தில் பம்படியில் நிறுத்தி ஆனி அந்தப் பேதத்தைத் தெளிவுபடுத்தினார். சில மணி நேரத்துக்குள் முப்பது புதுச் சொற்கள் ஹெலனின் வசமாயின. அதற்கு முன்பே, தாய்க்குக் கன்னத்தைத் தடவுவது போல, தானே ஏற்படுத்திக்கொண்ட ஏறத்தாழ அறுபது சைகைகள் அவளிடம் இருந்தன என்பதையும் படிப்பவர் அறியவேண்டும்; அவள் மனம் வெற்றிடமாக இருந்ததில்லை. நாடகத்துக்காகச் சம்பவங்களைக் கூட்டிக் குறுக்கிய உரிமையைக் கிப்ஸனுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த வாரத்தில் ஆனி செய்த ஒரு தீர்மானம் படத்தில் இடம்பெறாமற்போனது எனக்கு வருத்தமே. ஹெலனின் உறவினரது கைக்குழந்தை ஒன்றைக் கூர்ந்து கவனித்த அவர், அது தான் பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதைக் கண்டார். குழந்தையின் காதில் நாம் எப்படி இடைவிடாமல் பேசுகிறோமோ, அப்படியே ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே இருப்பது என்று நிச்சயித்து, பாட வேளை, மனனப் பயிற்சி எல்லாவற்றையும் தள்ளிவைத்தார். தோட்டத்தில், ஆற்றங்கரையில், மாட்டுக் கொட்டிலில், எது கைக்குத் தட்டுப்பட்டதோ அதைப் பற்றிய சம்பாஷணையே கல்வியாயிற்று. மொழி எவ்வாறு வளர்கிறது என்பதை இருபது வயதில், ஒரு கிராமாந்தரத்தில், எந்தச் சர்வகலாசாலையின் துணையுமின்றி அவர் கண்டுகொண்டார். பம்படி ஒரு கணந்தான். அந்தச் சம்பாஷணை ஆனியின் ஆயுள் முடியும்வரை நாற்பத்தொன்பது ஆண்டுகள் நடந்தது.

நடிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது விவரித்து விளங்குவதன்று. பான்க்ராஃப்டின் ஆனி, கறுப்புக் கண்ணாடியும் முரட்டுப் பேச்சும் பிடிவாதமும் உள்ள பெண். தியாகச் சொரூபமாக ஓரிடத்திலும் காட்சி தருவதில்லை. டியூக், ஒரு வசனமும் இல்லாமல், விரல்களாலும் தோள்களாலும் வேட்டை நாய் மோப்பம் பிடிப்பதைப் போன்ற தலையசைப்பாலும் ஒரு மனத்தை நமக்குக் காட்டினார். 1963-இல் சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை என்ற இரு ஆஸ்கார் பரிசுகளும் இவர்களுக்கே கிடைத்தன. அப்போது டியூக்கின் வயது பதினாறு. அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கை சுகமானதன்று. மனநோயால் நெடுங்காலம் துன்புற்று, 1982-இல்தான் அது இன்னதென்று கண்டறியப்பட்டு, பின்பு அதை ஒளிக்காமல் நூலாக எழுதி, மனநோயாளிகளுக்காகப் பொதுமேடைகளில் வாதாடினார். 1979-இல் இதே கதை தொலைக்காட்சிக்காக மறுபடி எடுக்கப்பட்டபோது ஆனியாக நடித்தவரும் அவரே.

இந்தப் படத்தின் மீது இன்று இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன, இரண்டும் நியாயமானவை. குழந்தையைப் பலாத்காரமாக அடக்குவது கல்வியாகுமா என்பது ஒன்று. ஆகாது, இன்றைய பயிற்சி பெற்ற ஆசிரியை எவரும் அப்படிச் செய்யமாட்டார். ஆனியே சில வாரங்களில் பாட வேளையையும் மனனப் பயிற்சியையும் தள்ளிவைத்து, சம்பாஷணை வழிக்கு மாறினார் என்பதை மேலே கண்டோம். கண்ணும் காதும் உள்ள ஒருவர் ஏன் அவை இல்லாதவராக நடிக்க வேண்டும் என்பது மற்றொன்று. 2010-இல் இந்த நாடகம் பிராட்வேயில் மீண்டும் ஏறியபோது, காது கேளாத, கண் தெரியாத நடிகர்களின் சார்பில் இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் இரு கைகளையும் இழந்த ஹெரால்ட் ரஸ்ஸல், 1946-ஆம் ஆண்டுப் படமொன்றில் தம்மைப் போன்ற ஒரு வீரனாகவே நடித்து ஆஸ்கார் பெற்றார். காது கேளாத மார்லி மாட்லினும், அவருக்குப் பல ஆண்டுகள் கழித்து டிராய் கோட்ஸரும் அதே பரிசைப் பெற்றார்கள். தகுதி இல்லை என்ற காரணத்தை இனி ஒருவரும் கூற முடியாது.

ஆனால் எனக்குள்ள குறை வேறு. படம் ஹெலனின் ஏழாவது வயது நிரம்புமுன் முடிந்துவிடுகிறது. பார்த்தவர் மனத்தில் அவர் என்றென்றைக்கும் பம்படிச் சிறுமியாகவே நின்றுவிடுகிறார். அந்தச் சிறுமி வளர்ந்து, ராட்கிளிஃப் கல்லூரியில், ஆசிரியை பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு விரிவுரையையும் கையில் எழுதிக்கொண்டே வர, 1904-இல் பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் அற்றவருள் அவ்வாறு பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1909-இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், பெண்களின் வாக்குரிமைக்கும் தொழிலாளரின் வேலைநிறுத்தங்களுக்கும் பகிரங்கமாக ஆதரவு தந்தார், யுத்தத்தை எதிர்த்தார். குருட்டுத்தன்மைக்கு வறுமையும் தொழிற்சாலை விபத்துகளும் எவ்வளவு காரணமாகின்றன என்பதை ஆராய்ந்ததே அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது. அவர் குறையைக் கண்டு மெச்சிய பத்திரிகைகள், அவர் கருத்தைக் கண்டு, பாவம், பிறர் சொல்லித் தந்ததைப் பேசுகிறார் என்று எழுதின. மறுபடியும் அதே இரக்கம். ஆனி கதவைத் தாழிட்டு விரட்டிய அதே இரக்கம், வேறு உடையில் வந்தது.

1919-இல் ‘டெலிவரன்ஸ்’ என்ற மௌனப் படத்தில் ஹெலன் தாமே தோன்றினார். அதில் அறிவும் அறியாமையும் உருவெடுத்து வந்து ஒரு குகை வாயிலில் அவருக்காகப் போர் புரிகின்றன. முடிவில் குதிரை மீதேறி எக்காளம் ஊதியபடி மக்கள் கூட்டத்தை அவர் நடத்திச் செல்கிறார். வாழ்க்கையைச் சொல்வதை விட்டு உருவகங்களைத் தேடிய அந்தப் படம் தோல்வியுற்றது. ஆனால் அது வெளியான சமயத்தில் நடிகர் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்ததால், தம் படத்தின் முதல் காட்சிக்கே அவர் போக மறுத்துவிட்டார் என்பது, எந்தத் திரைக்கதையிலும் வராத, வந்திருக்க வேண்டிய ஒரு காட்சி. 2005-இல் ஸஞ்சய் லீலா பன்ஸாலி இந்தியில் எடுத்த ‘பிளாக்’, இந்தக் கதையின் சாயலில், ஆசிரியரை ஆணாக்கி, முதுமையில் நினைவிழந்த அவருக்கு மாணவியே ஆசிரியையாவதைக் காட்டியது. மாணவியை வயது வந்த பெண்ணாகத் திரையில் வாழவிட்டது அதன் சிறப்பு. வயது வந்த ஹெலன் கெல்லரின் முழு வாழ்வையும் அதற்குரிய கௌரவத்துடன் சொல்லும் பெரிய படம் ஒன்று இன்னும் வரவேண்டும்.

ஆனி ஸல்லிவன் 1936-இல் காலமானார். கடைசி ஆண்டுகளில் அவர் கண்பார்வை முற்றிலும் போய்விட்டது. ஹெலன் அதன் பிறகும் பல கண்டங்களில் பிரயாணம் செய்து, பார்வையற்றோருக்குப் பள்ளிகளும் பிரெய்ல் நூல்களும் வேண்டி அரசாங்கங்களிடம் வாதாடினார்; 1955-இல் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டில் தம் குருவைப் பற்றி ‘டீச்சர்’ என்ற நூலை வெளியிட்டார். அதில் ஆனியின் கோபமும், மனச்சோர்வும், பிடிவாதமும், ஒன்றும் மறைக்கப்படாமல், நேசத்துடன் எழுதப்பட்டிருக்கின்றன. ‘தி மிராக்கிள் வொர்க்கர்’ படத்தைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் தவறாமல் பாருங்கள், பள்ளி ஆசிரியர்கள் முக்கியமாகப் பாருங்கள்; பார்த்தபின் அந்த நூலையும் தேடிப் படியுங்கள்.